பின்னத்தைச் சுருக்கிய மூங்கில் குச்சிகள்



பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரித்து, "அம்மா, 91இல் 49 என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டுமாம், எப்படி?" என்று கேட்கிறது. "எனக்கு என்ன தெரியும், நான் படிக்கவில்லையே" என்று சொல்லிவிட்டு நாம் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். ஆனால் கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் இந்தக் கணக்கைச் செய்துவிடலாம். இதே கணக்கு, இதே எண்களுடன், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீன நாட்டு நூல் ஒன்றில் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்நூலின் பெயர் 'ஒன்பது அத்தியாயங்கள்'. கி.பி. முதல் நூற்றாண்டளவில் இன்றைய உருவம் பெற்ற நூல் அது. அதில் 246 கணக்குகள் உள்ளன. முதல் அத்தியாயம் வயல்களை அளப்பது பற்றியது. நிலத்தை அளந்தால் முழு எண்ணாகவா வரும்? அரையும் காலும் வரத்தானே செய்யும்? ஆகவே பின்னங்களைச் சுருக்கும் வழி அந்த அத்தியாயத்திலேயே சொல்லப்படுகிறது. ஒரு சிறப்பையும் கவனியுங்கள். நாம் தமிழில் '91இல் 49' என்று பகுதியை முதலிலும் தொகுதியைப் பின்னாலும் சொல்கிறோம். சீனர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

அந்நூல் கூறும் வழி இதுதான். இரண்டு எண்களையும் பாதியாக்க முடிந்தால் முதலில் பாதியாக்கு. முடியாவிட்டால், பெரியதிலிருந்து சிறியதைக் கழி. மீண்டும் பெரியது எதுவோ அதிலிருந்து சிறியதைக் கழி. இரண்டும் சமமாகும்வரை கழித்துக்கொண்டே போ. சமமாக வந்த எண்ணால் இரண்டையும் வகுத்துவிடு.

செய்து பார்ப்போமா? 91இல் 49 போனால் 42. 49இல் 42 போனால் 7. இப்போது கையில் 42ம் 7ம் இருக்கின்றன. 42இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் 35, 28, 21, 14, கடைசியில் 7. இரண்டும் சமமாகிவிட்டன. 49ஐ 7ஆல் வகுத்தால் 7. 91ஐ வகுத்தால் 13. ஆகவே விடை 13இல் 7.

அக்காலச் சீனர்கள் சிறு மூங்கில் குச்சிகளைப் பரப்பிக் கணக்குப் போட்டார்கள். கழிப்பதென்றால் குச்சிகளை எடுத்து மாற்றி வைப்பதுதான்!

இது ஏன் சரியாக வருகிறது? இரண்டு கயிறுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே கோல் இரண்டையும் மிச்சமின்றி அளக்குமானால், நீளக் கயிற்றிலிருந்து குட்டைக் கயிற்றின் அளவை வெட்டியெடுத்த பின், மீந்த துண்டையும் அதே கோல் மிச்சமின்றி அளக்கும் அல்லவா? வெட்டிக்கொண்டே போனால் இரண்டையும் அளக்கக்கூடிய மிகப் பெரிய கோலே கடைசியில் நம் கைக்கு வந்துவிடுகிறது. அதைத்தான் பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி என்கிறார்கள்.

இம்முறை அந்நூலுக்கும் மூத்தது. 1983, 1984ஆம் ஆண்டுகளில் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். அது கி.மு. 186ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. சட்டங்கள் எழுதிய மூங்கில் ஏடுகளோடு கணக்கு எழுதிய ஏடுகளும் அதில் கிடைத்தன. 2016இல் 162 என்ற பின்னத்தை 112இல் 9 ஆக்கும் கணக்கு அவற்றில் இருக்கிறது. கிரேக்க அறிஞர் யூக்ளிட், கி.மு. 300ஆம் ஆண்டளவில், தம் நூலின் ஏழாம் பகுதியில் இதே மாறிமாறிக் கழிக்கும் வழியை எழுதி வைத்தார். கி.பி. 499இல் ஆரியபட்டர் வேறொரு வகைக் கணக்குக்கு மாறிமாறி வகுக்கும் வழியைக் கையாண்டார்.

நம் தமிழ் முன்னோர் வேறு பாதையில் சென்றார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குப் பெயரே சூட்டினார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 8இல் 3 என்பதைக் 'காலே அரைக்கால்' என்றார்கள். நம் பாட்டிமார் இப்படிச் சொல்லி அளந்ததை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 4இல் 2 என்று சொல்ல அங்கே தேவையே எழவில்லை; அதுதான் 'அரை' என்று ஆகிவிட்டதே!

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒருவர், "உனக்கு 8இல் 3 பங்கு" என்கிறார். மற்றொருவர், "நான் 56இல் 21 பங்கு தருகிறேன்" என்கிறார். இருபத்தொன்று என்றதும் மனம் மயங்குகிறது. கழித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றே! எண்ணைப் பெரிதாக்கிக் காட்டினால் பங்கு பெரிதாகிவிடாது. சுருக்கத் தெரியாதவர் அடுத்தவர் சொல்லை நம்பியே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சுருக்கத் தெரிந்தவர் தாமே பார்த்துக்கொள்வார்.

ஆகவே, பெற்றோரே, இன்றிரவு பிள்ளையோடு உட்காருங்கள். ஈர்க்குச்சிகளோ புளியங்கொட்டைகளோ போதும். 84இல் 36 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். 7இல் 3 என்று வந்தால் கணக்கு சரி. உங்களுக்கும் அது வந்துவிட்டதென்று பொருள்.