கொள்ளை நோயும் பிரயாணமும்

பிரயாணம் இருவகைப்படும். விரும்பிச் செல்வது ஒன்று. பிழைப்பின் பொருட்டுச் செல்வது மற்றொன்று. கொள்ளை நோய் வருங்கால் இவ்விரண்டும் ஒரே விதமாய் மாறுவதில்லை. மலாயாத் தமிழர் சரித்திரமே இதற்குத் தக்க சான்றாகும்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கை அடைந்தபோது, அவர்களுள் பலர் முதலிற் கண்டது தோட்டமன்று, காவல் முகாமே. பேதியும் வைசூரியும் கப்பலுடன் வரும் என்னும் அச்சத்தால் டெக் பிரயாணிகள் ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டனர். அங்கே அம்மை குத்திக்கொண்டு, விடுதலைக்கு நாள் எண்ணியிருந்தனர். இக்காவலுக்குக் குவாரண்டைன் என்று பெயர். நாற்பது நாள் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று வந்தது அது. விரும்பிய இடத்தை விரும்பிய நாளிற் காணும் உல்லாசம் அவர்கட்கு எங்ஙனம் வாய்க்கும்?

1918-ம் ஆண்டு விஷஜுரம் உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவின் தோட்டங்களிலும் சாவு மலிந்தது. கொள்ளை நோயைத் தெய்வத்தின் சீற்றமெனக் கருதும் வழக்கம் நம்மிடை உண்டு. ஆயினும் நோய் சென்ற வழி, கப்பலும் ரயிலும் சென்ற வழியேயாம்.

நிற்க. நூறாண்டு கழித்து வந்த கொரோனாவை நோக்குவோம். 2019-ல் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டார் ஏறக்குறைய 2 கோடி 61 லட்சம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு தொகை 43 லட்சமாகச் சுருங்கிற்று. 2021-ல் ஒன்றரை லட்சத்தையும் எட்டவில்லை. 2008-ல் உலகப் பாரம்பரிய நகரமெனச் சிறப்பிக்கப்பெற்ற மலாக்காவின் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. வெளிநாட்டாரை நம்பிய விடுதிப் பணியாளரும் சிறு வியாபாரிகளும் வருவாயிழந்தனர்.

2021 அக்டோபர் 11-ல், தடுப்பூசி முற்றும் போட்டுக்கொண்டோர் மாநிலம் விட்டு மாநிலம் செல்லலாம் என அனுமதி பிறந்தது. எல்லைகளோ இன்னும் முழுதும் திறக்கவில்லை. எனவே விமானமேறித் தூரதேசம் போக எண்ணியோருள் பலரும் உள்நாட்டையே நாடினர். நெரிசலினும் திறந்தவெளி மேலெனப்பட்டது. பலர் கூடும் பஸ்ஸினும் சொந்தக் கார் மேலெனப்பட்டது. மஸ்ஜித் தானாவுக்கு அண்மையிலுள்ள தஞ்சோங் பிடாராவும் பங்காலான் பாலாக்கும் போன்ற கடற்கரைகள் இத்தகைய பிரயாணிகளுக்கே ஏற்றவை.

ஆனால் ஜொகூரிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற தொழிலாளர் நிலை யாது? 2020 மார்ச்சு முதல் 2022 ஏப்ரல் 1-ல் எல்லை திறக்கும் வரை, முன்போல் காலையிற் சென்று மாலையில் வீடு திரும்ப அவர்களால் இயலவில்லை. வேலையா, குடும்பமா என்னும் கேள்வியே அவர்கள் முன் நின்றது. உல்லாசப் பிரயாணி ஊரை மாற்றிக்கொண்டான். உழைப்பாளிக்கு மாற்றிக்கொள்ள ஏதுமில்லை.

காவல் வேண்டாமென்பது நம் கருத்தன்று. தொற்றைத் தடுக்க அது வேண்டுவதே. எனினும் பயணிகளின் விருப்பம் எவ்வாறு மாறிற்று என்று ஆராய்வோர், விருப்பமே இல்லாது பயணஞ்செய்வோரையும் கணக்கிற் கொள்ளவேண்டும். அடுத்த கொள்ளை நோய்க்கு விதி வகுப்போர், எல்லையை அடைக்கும் அன்றே உழைப்பாளியின் கூலிக்கும் குடும்பத்திற்கும் வழி சொல்லட்டும். நோய் டிக்கட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, நியாயமும் பார்த்தலாகாது.