தரவு மையங்களில் மின் சிக்கனம்

தரவு மையத்தில் சர்வர்களுக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை அகற்ற மறுபடியும் மின்சாரம் செலவாகிறது. சிக்கன முயற்சிகள் முதலில் கைவைத்தது இந்த இரண்டாம் செலவில்தான்.

இதை அளக்கும் விகிதம் பி.யூ.இ. எனப்படும். மையம் வாங்கும் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகளுக்குச் சென்றுசேரும் மின்சாரத்தால் வகுத்தால் இது கிடைக்கும். 'தி கிரீன் கிரிட்' என்ற தொழில் கூட்டமைப்பு 2007 முதல் இதைப் பரப்பியது. 2016-இல் இது ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. 2.0 என்றால், சர்வர்களுக்கு ஒரு யூனிட் போகும்போது குளிரூட்டலுக்கும் யு.பி.எஸ். இழப்புக்கும் இன்னொரு யூனிட் போகிறது என்று பொருள்.

இந்த விகிதத்தைத் தாழ்த்தச் செலவு குறைந்த வழி, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலக்காமல் சர்வர் அடுக்குகளுக்கு இடையே தடுப்பு அமைப்பது. அறையை உறையவைக்கவும் தேவையில்லை: சர்வருக்குள் நுழையும் காற்று 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை.

இடத்தின் இயல்பைப் பயன்படுத்திக்கொண்ட மையங்கள் இன்னும் முன்னே சென்றன. பின்லாந்தின் ஹமினாவில் மூடப்பட்ட காகித ஆலை ஒன்றை கூகுள் 2009-இல் வாங்கியது. ஆலைக்காக முன்பே பாறையில் குடைந்திருந்த சுரங்கம் வழியாக வரும் கடல்நீர், வெப்பமாற்றிகளில் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அந்த நீரைக் குளிர்ந்த கடல்நீருடன் கலந்து சூட்டைத் தணித்த பிறகே கடலில் விடுகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகனில், பிரைன்வில் நகரில் ஃபேஸ்புக் 2011-இல் திறந்த மையம், வறண்ட வெளிக்காற்றில் நீர்த்திவலை தெளித்துக் குளிரவைத்தது. தொடக்கத்தில் அறிவித்த பி.யூ.இ. 1.07. அதன் வடிவமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது பெரிய உதவி. ஆனால் சென்னைபோல் ஈரக்காற்று வீசும் ஊரில் நீர் தெளிக்கும் முறை அந்த அளவுக்குப் பலிக்காது. ஏற்கெனவே நீராவி மிகுந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை.

பி.யூ.இ. முழு உண்மையைச் சொல்வதில்லை. ஆவியாகிப் போகும் தண்ணீர் அதன் கணக்கில் வராது. வேலையின்றி ஓடும் சர்வரின் மின்சாரத்தையும் அது பயனுள்ளதாகவே கொள்கிறது. அத்தகைய சர்வர்களை அணைத்தால் மொத்தச் செலவு குறைந்தும் விகிதம் மோசமாகத் தெரியக்கூடும். இந்தக் குறைகளை அறியாமல் எண்ணை மட்டும் துரத்துவது தவறு. சிக்கனம் அந்த விகிதத்தில் மட்டும் இல்லை: உலகத் தரவு மையங்களின் கணிப்பணி 2010-க்கும் 2018-க்கும் இடையே ஆறு மடங்குக்கு மேல் பெருகியும் மின்செலவு சுமார் 6% மட்டுமே கூடியது என்று 'சயின்ஸ்' இதழின் 2020 ஆய்வு மதிப்பிட்டது. சர்வர்களே திறன் மிக்கவையானதும், மெய்நிகராக்கத்தால் ஒரே இயந்திரத்தில் பல வேலைகள் ஓடியதும், பணிகள் சிறு மையங்களிலிருந்து பெரியவற்றுக்கு நகர்ந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள்.