விரிவுரை மண்டபத்திலிருந்து வட்ட மேசைக்கு: மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு கூட்டுக்கற்றற் கூடத்தின் வரலாறு

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் நிறுவுநர்களையும் துணைவேந்தர்களையும் ஆய்வுக் கண்டுபிடிப்புகளையும் விரிவாகப் பேசுவர். வகுப்பறை எவ்வாறு அமைந்திருந்தது, அதில் யார் பேசினர், யார் கேட்டிருந்தனர் என்பன அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2001இல் தொடங்கிய ஒரு கூட்டுக்கற்றற் கூடத்தின் வரலாறு இக்குறையை ஓரளவேனும் நிறைவு செய்யக்கூடியது. (தமிழகத்தில் எம்.ஐ.டி. என்னும் சுருக்கப்பெயர் குரோம்பேட்டைக் கல்லூரியையே நினைவூட்டுமாதலின், கேம்பிரிட்ஜ் நகரின் கல்விக்கூடம் இக்கட்டுரையில் 'நிறுவனம்' என்றே சுட்டப்பெறும்.) இயற்பியல் வகுப்பொன்றின் வரலாறு தமிழியல் மாநாட்டிற்கு எவ்வகையிற் பொருந்தும் என ஐயுறுவோர் இருக்கலாம். ஆசிரியர் உரைப்பதில் மாணாக்கர் எத்துணை கொள்கின்றார் என்பது, தமிழ்க் கல்வி மரபு பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பிய வினாவாகும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்கெனப் பெருநிதி திரட்டப்படும் இக்காலத்தில் அவ்வினா மீண்டும் முன்வந்து நிற்கின்றது.

மண்டபத்தின் நிலை

நிறுவனம் 1861இல் தோன்றியது. 'மனமும் கையும்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரே அதன் குறிக்கோளுரை. 1869இல் எட்வர்ட் பிக்கரிங் அங்கு அமைத்த ஆய்வகம், மாணவர் தம் கையாலேயே இயற்பியற் சோதனைகளைச் செய்து கற்கும் முறைக்கு அமெரிக்காவில் முன்னோடியாக விளங்கியது. அத்தகைய நிறுவனத்தில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாண்டுப் பொது இயற்பியற் பாடத்தில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சோதனைப் பயிற்சியே இல்லாதிருந்தது என்பது வியப்பிற்குரியது.

எத்துறையில் இளநிலைப் பட்டம் பெற விழைபவராயினும் இயக்கவியல், மின்காந்தவியல் ஆகிய இரு பாடங்களிலும் தேறுதல் அங்குக் கட்டாயம். ஆகவே ஆண்டுதோறும் பலநூறு மாணவர், 500 பேருக்கு மேல் அமரக்கூடிய படிவரிசை மண்டபத்தில் ஒருவரின் உரையைக் கேட்டனர். விரிவுரைகள் தரம் தாழ்ந்தவையாக இருந்தன என எவரும் குறை கூறியதில்லை. சோதனை விளக்கங்களுடன் கூடிய அவ்வுரைகள் புகழ் பெற்றவை. ஆயினும் பருவ இறுதிக்குள் வருகை 40 விழுக்காட்டளவிற்குச் சரிந்தது. தோல்வியுற்றோர் 10 விழுக்காட்டிற்குக் குறைவதில்லை. நாட்டின் மிகத் திறன்மிக்க மாணவரைத் தெரிந்தெடுக்கும் ஒரு நிறுவனத்திற்கு இவ்வெண்கள் பெருமை சேர்ப்பனவாகா.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பேராசிரியர் ஜான் பெல்ச்சர். வாயேஜர் விண்கலங்களில் இடம்பெற்ற பிளாஸ்மா சோதனையின் முதன்மை ஆய்வாளராக விளங்கியவர் அவர். நெப்டியூனுக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைகளைப் பொறுமையுடன் படித்துப் பழகியவர், தம்முன் அமர்ந்திருந்த மாணவரின் மனத்தில் நிகழ்வதை அளக்க முற்பட்டார் எனலாம்.

கால் பங்கும் அரைப் பங்கும்

அளக்கும் கருவி முன்னரே ஆயத்தமாக இருந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனிசும் அவர்தம் துணைவரும் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்துரு வினாத்தொகுப்பு, கணக்கீடு எதுவுமின்றி, விசை பற்றிய அடிப்படைப் புரிதலை மட்டும் சோதிப்பது. ஒவ்வொரு வினாவிலும் அன்றாட வழக்கில் மாந்தர் கொண்டுள்ள பிழையான கருத்துகளும் விடைகளாகத் தரப்பட்டிருக்கும். ஹார்வர்டில் எரிக் மாசூர் தம் மாணவர்க்கு இதனைக் கொடுத்தபோது, கடினமான கணக்குகளைத் தீர்ப்போர் எளிய வினாக்களில் இடறுவதைக் கண்டார். மாணவர் அருகிலிருப்பவருடன் வாதிட்டு விடைகாணும் முறையை அவர் வகுத்தமைக்கு இதுவே தூண்டுதலாயிற்று.

ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனை. 62 பாட வகுப்புகள், 6,542 மாணவர் என விரிந்த அவ்வாய்வு, பாடத்திற்கு முன் மாணவர் அறியாதிருந்த பகுதியில் எவ்வளவினைப் பாடத்தின் முடிவில் அறிந்தனர் என்ற விகிதத்தைக் கணக்கிட்டது. விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளில் அவ்விகிதம் சராசரியாக 0.23. மாணவர் தமக்குள் உரையாடியும் செய்தும் கற்ற வகுப்புகளில் அது 0.48.

இவ்விடத்தில் தமிழறிந்தோர்க்கு நன்னூல் நினைவுக்கு வராமற் போகாது. பவணந்தியார் பொதுப்பாயிரத்தில், பாடங்கேட்டலின் வரலாறு கூறுமிடத்து, ஆசான் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே என்கின்றார். உடன் கற்போரொடு பயில்வதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அவர் வகுத்த கணக்கு. ஹேக்கின் 0.23ஐயும் நன்னூலின் காற்கூற்றையும் அருகருகே வைத்து மகிழ்வது எளிது. ஆயினும் ஒன்று தேர்வு விடைகளின் சராசரி; மற்றொன்று வாழ்நாட் புலமை பற்றிய மதிப்பீடு. எண்கள் ஒத்திருப்பது தற்செயலே. இதனைக் கொண்டு தமிழர் முன்னரே கண்ட அறிவியல் என முழங்குதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பவணந்தியார் எண்ணைக் கூறினார் என்பதனினும், கேட்டலை முழுமையான கல்வியாக அவர் ஏற்கவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

கூடத்தின் அமைப்பு

நிறுவனத்தின் கூடம் முன்மாதிரியின்றித் தோன்றியதன்று. டிக்கின்சன் கல்லூரியில் பிரிசில்லா லாஸ் 1980களின் பிற்பகுதியில் விரிவுரையை நீக்கிப் பட்டறை முறை இயற்பியலை அறிமுகப்படுத்தினார். டிராய் நகரின் ரென்சலர் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ஜாக் வில்சன் 1990களின் முற்பகுதியில் விரிவுரையையும் சோதனையையும் ஒரே அறையில் இணைத்தார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர், ஏறத்தாழ நூறு மாணவரைக் கொண்ட பெருவகுப்பிற்கும் இம்முறை பொருந்தும் எனக் காட்டினார். மேசையின் வடிவத்தையும் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஏழடி விட்டமுள்ள வட்ட மேசையே தக்கதென அவர் முடிவு செய்தார். மூவர் கொண்ட மூன்று குழுக்கள் அதில் அமரலாம். மேசை பெரிதாயின் எதிரிலிருப்பவர் குரல் எட்டாது. சிறிதாயின் கருவிகட்கு இடமிராது.

நிறுவனத்தின் கூடம் இவ்வளவினையே ஏற்றது. 13 மேசைகள், மேசைக்கு 9 பேர், மொத்தம் 117 மாணவர். மூவர்க்கு ஒரு மடிக்கணினி. சுற்றுச் சுவர்களில் வெண்பலகைகளும் திரைகளும்; நடுவே ஆசிரியரின் இடம். எந்த இருக்கையும் முன்வரிசையன்று, எதுவும் பின்வரிசையுமன்று. உறங்குவதற்கு வசதியான மூலை அங்கு இல்லை என்பதும் உண்மை. கண்ணுக்குப் புலனாகாத மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அசையும் படங்களாகக் காட்டும் கணினிக் காட்சிகளை ஆக்குவதில் பெல்ச்சர் பேருழைப்பைச் செலவிட்டார். அலெக்ஸ் டார்பெலாஃப், பிரிட் டார்பெலாஃப் இணையர் நிறுவனத்தின் கல்வி மேம்பாட்டிற்கென அளித்த 10 மில்லியன் டாலர் நன்கொடையும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடனான ஐகேம்பஸ் கூட்டுத்திட்டமும் இதற்குத் துணைநின்றன. தொழில்நுட்பத்தின் துணையுடன் செயல்வழிக் கற்றல் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இத்திட்டம் 'டீல்' எனப்பட்டது.

2003ஆம் ஆண்டின் எதிர்ப்பு

2001 இலையுதிர் பருவத்தில் இருநூற்றுக்கும் குறைவான மாணவருடன் நடந்த முதல் முயற்சி வெற்றியாகவே கருதப்பட்டது. கற்பித்தோர் திட்டத்தை வகுத்தவர்களே. அதன் ஒவ்வொரு கூறும் அவர்தம் கைப்படப் பிறந்தது. 2003 இளவேனிற் பருவத்தில் மின்காந்தவியல் பயிலும் 500 அளவிலான மாணவர் அனைவரும் இம்முறைக்குக் கொண்டுவரப்பட்டபோது நிலை மாறியது. மாணவர் பலர் கையொப்பமிட்டு எதிர்ப்பு விண்ணப்பம் அளித்தனர். நிறுவனத்தில் எதிர்பார்க்கத்தக்க அறிவுச் சவால் இவ்வகுப்பில் இல்லை என்பதும், புதுமையின் பொருட்டுத் தம் கல்வித்தரம் பலியிடப்படுகின்றது என்பதும் அவர்தம் முறையீடு. வகுப்பிற்கு வருவதற்கும் மதிப்பெண் உண்டு என்ற விதி, விரும்பியபோது வரலாம் என்ற பழைய உரிமையைப் பறித்தமையும் அவர்களுக்குக் கசந்தது.

இவ்வெதிர்ப்பை அறியாமை எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. விரிவுபடுத்தப்பட்ட வகுப்புகளில் கற்பித்தவருட் பலர் அம்முறைக்குப் புதியவர். வட்ட மேசைகளின் நடுவே நின்று பழைய விரிவுரையையே ஆற்றினால் மாணவரிற் பாதிப்பேர் கழுத்தைத் திருப்பிக் கேட்க நேரும். அது மண்டபத்தினும் மோசமான ஏற்பாடு. எனினும் இன்னொரு செய்தியும் உண்டு. யூடிட் டோரியும் பெல்ச்சரும் நடத்திய ஒப்பாய்வு, புதிய முறையிற் பயின்றோரின் கருத்துருப் புரிதல் விரிவுரை வகுப்பினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வளர்ந்ததைக் காட்டியது. குறை கூறியோர் கூடுதலாகவே கற்றிருந்தனர். இம்முரணுக்குப் பின்னாளில் விளக்கம் கிடைத்தது. ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் துணைவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, செயல்வழி வகுப்பினர் மிகுதியாகக் கற்றும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். சரளமான உரை கேட்போர்க்குப் புரிந்துவிட்ட மயக்கத்தைத் தருகின்றது. தானே முயன்று தடுமாறுவது தோல்வி போலத் தோன்றுகின்றது.

பின்வந்த ஆண்டுகளில் ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் முறையும் பாட ஒழுங்கும் சீரமைக்கப்பட்டன. இவற்றினும் நுட்பமானது மதிப்பெண் விதி. வகுப்பினரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரமிடும் வழக்கம் நிலவுமாயின், அயலவர்க்கு விளக்குவோர் தம் தரத்தைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். முன்கூட்டி அறிவித்த நிலையான மதிப்பெண் வரம்புகளே கூட்டுக்கற்றலுக்கு இடமளித்தன. இயக்கவியற் பாடமும் இம்முறைக்கு மாறியது. ஸ்டாட்டா மையத்தில் இரண்டாவது கூடம் எழுந்தது. 2009இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இம்மாற்றத்தை விரிவாக எழுதியபோது, தோல்வி விகிதம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. வருகையும் உயர்ந்திருந்தது. வருகைக்கு மதிப்பெண் உண்டாதலின் பின்னதைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். தோல்வி குறைந்தமைக்கோ ஆதரவு வலுவானது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமனும் துணைவரும் 2014இல் வெளியிட்ட முடிவும் அதே திசையைச் சுட்டுகின்றது: தோல்வி, விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடு, செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடு.

சென்னையிலிருந்து சென்ற முறை

மாணவர் மாணவர்க்குக் கற்பித்தல் கிழக்கிலிருந்து மேற்கு சென்ற ஒரு தனி வரலாறும் உண்டு. 1789இல் சென்னையின் படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் இணங்காமையால், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் சிறுவனைக் கொண்டே இளையோர்க்கு எழுத்தறிவித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழி இது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றுப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை இங்கு நினைத்தல் இயல்பு. ஆயினும் சட்டாம்பிள்ளை முறை, மூத்தவன் ஒப்புவிக்கச் செய்ய இளையவன் திருப்பிச் சொல்லும் முறை. குறைந்த செலவில் பலர்க்குக் கற்பிப்பது பெல்லின் நோக்கம். வட்ட மேசையில் அமர்வோர் நிகரானவர், விடையறியாதோர். இவற்றிடையே நேரடி வழித்தொடர்பைக் கற்பித்தற்குச் சான்றில்லை.

அயல்நாடுகளில் தமிழுக்கெனத் திரட்டப்பட்ட நிதி பெரும்பாலும் இருக்கைகளுக்கே சென்றுள்ளது. ஹார்வர்டு இருக்கைக்கு 6 மில்லியன் அமெரிக்க டாலரும் தொராண்டோ இருக்கைக்கு 3 மில்லியன் கனடிய டாலரும் உலகத் தமிழரின் ஈகையால் திரண்டன. அவை வேண்டியனவே. ஆனால் டார்பெலாஃப் இணையரைப் போலக் கற்பிக்கும் முறைக்கென்றே கொடையளிக்கும் வழக்கம் தமிழரிடையே இன்னும் வேரூன்றவில்லை. அயல்நாட்டுத் தமிழ் வகுப்பில், வீட்டில் பேசிப் பழகியும் எழுத்தறியாத மாணவரும், இலக்கணம் கற்றும் ஒரு தொடர் பேச நாணும் மொழியியல் மாணவரும் ஒரே அறையில் அமர்கின்றனர். ஒருவர் அறியாததை மற்றவர் அறிந்திருக்கும் இத்தகைய வகுப்பைவிட மூவர் குழுவிற்கு ஏற்றது வேறில்லை. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் இம்மாணவர் எங்கெங்கு இடறுகின்றனர் என்பதைப் பாடத்தின் முன்னும் பின்னும் அளக்கும் வினாத்தொகுப்பொன்றை ஆக்குவது, மேசைகளை வாங்குமுன் செய்யத்தக்க பணியாகும். அதற்கென எழுதப்படும் நிதி விண்ணப்பம் மேசைகளுக்கான விண்ணப்பத்தினும் சிறியதாகவே இருக்கும்.