கூட்டணுமா, கழிக்கணுமா?

போன வாரம் பேத்தி கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். "தாத்தா, இதுல கூட்டணுமா, கழிக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நானே போட்டுடுவேன்" என்றாள். கூட்டல், கழித்தல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாலு வரிக் கணக்கைப் படித்தால்தான் கை நின்றுவிடுகிறது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்தேன். முதலில் மணலில் விரலால் எழுத்து. பிறகு எண்சுவடி. முந்திரி, காணி, மா, வீசம் என்று கீழ்வாய்க் கணக்கெல்லாம் மனப்பாடம். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. நிலம் அளக்கக் குழிமாற்று. அதற்கும் மேலே, காரி நாயனார் செய்ததாகச் சொல்லப்படும் கணக்கதிகாரம். நெல், பொன், நிலம் எல்லாமே அதில் கணக்காக வரும். சட்டாம்பிள்ளை சொல்ல, சின்னப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். இந்த முறையைச் சென்னை எழும்பூரில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பேர் வந்தது.

மனப்பாடம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை படித்த கணக்கு அவன் வீட்டுக் களத்திலேயே நடந்தது. ஒன்று சொல்கிறேன். களத்தில் 5 கலம் நெல். அறுத்தவர்கள் 12 பேர், ஆளுக்கு 1 மரக்கால் கூலி. மீதியில் பாதி நிலக்காரருக்கு. அவருக்கு எவ்வளவு? கலத்துக்கு 12 மரக்கால், ஆக மொத்தம் 60. கூலி 12 போக 48. பாதி 24. அதாவது 2 கலம். ஐந்து படி இருக்கிறது. ஆனால் களத்தைப் பார்த்த பிள்ளை 'கூட்டணுமா' என்று கேட்க மாட்டான். முதலில் கூலி, பிறகு பங்கு என்ற வரிசை அவனுக்குத் தெரியும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். களத்தில் அறுத்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. மரக்காலைப் பிடித்தவர் சொன்னதுதான் அவர்களுக்குக் கணக்கு.

இது எனக்கு உறைத்தது கடலூர் சிப்காட்டில்தான். எண்பதுகளின் கடைசியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருந்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் சம்பளச் சீட்டை நீட்டி, "சார், ஓவர்டைம் குறையுதுபோல இருக்கு" என்றான். ஒரு துண்டுத் தாளில் வரிசையாகப் போட்டும் வைத்திருந்தான். 26 நாளைக்குச் சம்பளம் 780 ரூபாய். நாளைக்கு 30. எட்டு மணி நேரத்துக்கு 30 என்றால் மணிக்கு 3.75. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, 7.50. 14 மணி நேரத்துக்கு 105 ரூபாய். சீட்டில் இருந்தது 52.50. ஒரு படி விட்டுப்போயிருந்தது, இரட்டிப்பு!

அடுத்த மாதம் அவனுக்கு மட்டுமல்ல, அந்த ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் பாக்கி வந்தது. எத்தனை மாதமாக அந்தப் படி விட்டுப்போனது என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. சீட்டெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போயின. நானும் கேட்கவில்லை.

பேத்தியிடம் பதில் சொல்லவில்லை. "கணக்கை மூடி வச்சுட்டு, அதுல என்ன நடந்ததுன்னு எனக்குக் கதையாச் சொல்லும்மா" என்றேன். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "ஓ, முதல்ல கழிக்கணும்!" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.