மூளையின் பசையா, காவலர்களா?



புண்ணைக் கழுவ டிரஸர் ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றியதும் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கியதைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த மருந்தின் பெயர் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. நம் உடலில் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. அப்படிப் பிரிந்து வரும் பிராணவாயுவே நுரையாகப் பொங்குகிறது. இதே வேலை நம் மூளைக்குள்ளும் ஓயாமல் நடக்கிறது. அதை யார் நடத்துகிறார்கள் என்று அறிய மனிதர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மூளை என்றதும் சிந்திக்கும் நரம்பணுக்களையே நினைக்கிறோம். அவற்றைச் சுற்றி வேறு வகை உயிரணுக்களும் நிறைந்திருக்கின்றன. 1856இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் அந்தப் பகுதிக்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை என்று பொருள். நரம்பணுக்களை ஒட்டி நிறுத்தும் பசை என்றே அவர் கருதினார். பெயர் நிலைத்தது, ‘வெறும் பசைதானே’ என்ற அலட்சியமும் நெடுங்காலம் நிலைத்தது.

1873இல் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, வெள்ளி உப்பினால் மூளைத் துண்டுக்குச் சாயம் ஏற்றும் முறையை வெளியிட்டார். இந்த உயிரணுக்களின் கிளைகள் இரத்தக் குழாய்களைத் தொட்டு நிற்பதை அவர் கண்டார். நரம்பணுக்களுக்கு இவை உணவு சேர்க்கின்றன போலும் என்று எண்ணினார். நட்சத்திரம் போல் கிளை விரிந்திருந்ததால், 1890களில் ஹங்கேரி நாட்டு லென்ஹோசெக் இவற்றுள் ஒரு வகைக்கு ‘ஆஸ்ட்ரோசைட்’ என்று பெயர் வைத்தார். நாம் நட்சத்திர உயிரணு என்போம்.

இவற்றுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? நம் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. பிராணவாயு இன்றி உயிர் இல்லை. ஆயினும், துடைக்காமல் வைத்த இரும்புக் கத்தியைத் துருப்பிடிக்கச் செய்வதும் அதுவே. உயிரணுவுக்குள்ளும் பிராணவாயு செலவாகும்போது தீய துணுக்குகள் பிறந்து, கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கின்றன. அவை அளவு மீறினால் அந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். பக்கவாதத்தின்போது மூளை கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கோர்டும் ஃபிரிடோவிச்சும் ஒரு காவல் நொதியைக் கண்டறிந்தனர். சூப்பர் ஆக்சைடு என்னும் தீய துணுக்கை அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸ் தண்ணீராக்குகிறது. ஒருவர் வெட்டிப் போட, மற்றொருவர் அள்ளிச் செல்வது போன்ற கூட்டு வேலை இது.

இதற்கிடையில் வேறொரு தேடல் நடந்தது. மனப் பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாம் மாத்திரை 1963இல் விற்பனைக்கு வந்தது. 1977இல், மூளையில் அது சென்று அமரும் இடத்தைக் கண்டறிந்தனர். மாத்திரைக்கு ஓர் இருக்கை இருக்குமானால், அதில் அமர மூளையே செய்யும் பொருள் ஒன்றும் இருக்க வேண்டுமல்லவா? 1983இல் குய்டோட்டி, கோஸ்டா ஆகியோரின் குழு எலியின் மூளையிலிருந்து அத்தகைய புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. வியப்பு என்னவென்றால், அது பதற்றத்தைத் தணிக்கவில்லை, கூட்டியது! அதிலிருந்து வெட்டுப்பட்டுக் கிடைப்பது ஓ.டி.என். என்னும் நரம்புப் பெப்டைட். பதினெட்டு அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. அதைச் செய்வது யார்? பெரும்பாலும் ‘பசை’ என்று ஒதுக்கப்பட்ட நட்சத்திர உயிரணுக்களே!

துனீசியாவிலும் பிரான்சிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த சோதனை 2011இல் வெளிவந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் நட்சத்திர உயிரணுக்கள் மீது ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால் அவை மடிந்தன. மிக மிகச் சிறிய அளவு ஓ.டி.என். முன்னதாகச் சேர்த்தபோது பல உயிரணுக்கள் பிழைத்தன. எப்படி? ஓ.டி.என். உயிரணுவின் வெளிச்சுவரில் உள்ள ஏற்பியைத் தட்டுகிறது. உள்ளே செய்தி பரவுகிறது. மேலே சொன்ன இரு காவல் நொதிகளும் அதிகமாக உற்பத்தியாகின்றன. உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் தடைபடுகிறது. காவலர்கள் பிழைத்தால், அவர்களை நம்பியிருக்கும் நரம்பணுக்களும் பிழைக்க வழி உண்டு.

பெற்றோர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். இவை ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்புகள். பக்கவாதத்துக்கு ஓ.டி.என். இன்னும் மருந்தாக வரவில்லை. ஆகவே, மூளைக்குப் பலம் தரும் பெப்டைட் என்று யாரேனும் புட்டியோடு வாசலுக்கு வந்தால், கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பார்கள். துரும்பாக எண்ணப்பட்ட இந்த உயிரணுக்களோ மூளையையே காத்து நிற்கின்றன. பெயரைப் பார்த்து எதையும் எடை போடாதீர்கள். அது செய்யும் வேலையைப் பாருங்கள்.