அவானாச் சுருட்டும் ஏடு படிப்போரும்

கியூபாவின் மேற்கேயுள்ள வுவெல்ட்டா அபாகோ நிலத்துப் புகையிலையைச் சுவைஞர் பெரிதும் போற்றுவர். நல்ல சுருட்டின் புகையை அவர் உள்ளிழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, மெல்ல மாறிவரும் சுவையையே நுகர்வர். தளரச் சுருட்டினால் விரைந்தெரிந்து கசக்கும். இறுக்கினாலோ புகை வாராது. அந்நயம் முழுதும் சுருட்டுவோரின் விரல்களிலேயே உள்ளது.

நாள் முழுதும் விரல்கள் உழைக்கையில் செவிகளுக்கு வேலையில்லை. 1865இல் அவானா நகரத்து எல் பிகரோ தொழிற்சாலைத் தொழிலாளர், தம் கூலியில் பங்கீந்து, உரக்கப் படித்துக்காட்ட வாசகர் ஒருவரை அமர்த்தினர். செய்தித்தாளும் நாவலும் அங்கு ஒலித்தன, எழுத்தறியாதாரும் உலகறிந்தனர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர் அதனைத் தடுத்தனர். ஏட்டின் சொல் அவர்க்கு அத்துணை அச்சம் தந்தது போலும்! ஆயினும் வழக்கம் மீண்டது. 1935இல் தோன்றிய மொந்தேகிறிஸ்தோ சுருட்டு, தொழிலாளர் விரும்பிக் கேட்ட தூமாவின் நாவற்பெயரையே தாங்கிற்று.