பக்கவாதத் தீவிரத்தை அளத்தல்: மருத்துவர் கண்ணிலிருந்து ஆழ்கற்றல் வரை

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் அது அமைக்கப்பட்டதென அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. செய்தவர் யார், யாருக்காக, எவை இன்றி என்னும் மூன்றையும் அது பதிவுசெய்கிறது. மூளைப் படங்களிலிருந்து பக்கவாதத்தின் தீவிரத்தைக் கணிக்கும் ஆழ்கற்றல் நிரல்களிடமும் இவ்வினாக்களைக் கேட்க வேண்டியுள்ளது. அந்நிரல்கள் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

படமும் காலமும்

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த சி.டி. ஸ்கேன் கருவியால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. இரத்தக்கசிவையும் இரத்தக்குழாய் அடைப்பையும் பிரித்தறிய அது வழிவகுத்தது. அடைப்பு தோன்றி மூன்று மணி நேரத்திற்குள் உறைகட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தினால் பயனுண்டு என 1995இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. கசிவு உள்ளவருக்கு அம்மருந்து பேராபத்து. எனவே படத்தை விரைந்து வாசிப்பது உயிர்காக்கும் பணியாயிற்று.

கண்ணிலிருந்து எண்ணுக்கு

அடைப்பின் தொடக்கத்தில் சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சற்றே மங்கும். ஒரு மருத்துவர் கண்டதை மற்றொருவர் காணாமல் விடக்கூடும். இக்குறையைக் களைய, கனடாவின் கால்கரி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ‘ஆஸ்பெக்ட்ஸ்’ மதிப்பெண்ணை வெளியிட்டனர். நடுப்பெருமூளைத் தமனி ஊட்டும் பரப்பு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் பத்திலிருந்து ஒன்று கழிக்கப்படும். தீவிரம் எண்ணாக மாறியதால் அதைக் கணினிக்குக் கற்பிப்பதும் எளிதாயிற்று.

எண்ணிலிருந்து நிரலுக்கு

2015இல் வெளிவந்த ‘யூ-நெட்’ வலையமைப்பு, மருத்துவப் படத்தில் ஒரு பகுதியின் எல்லையைப் புள்ளி புள்ளியாக வரையும் முறையைத் தந்தது. பாதிப்பின் கன அளவைக் கணக்கிட அம்முறை உதவியது. இந்தியாவில் மும்பையின் க்யூர்.ஏஐ நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இந்திய மையங்களில் எடுத்த 3,13,318 தலைப் படங்களை அவர்கள் பயன்படுத்தினர். கசிவு, மண்டையோட்டு முறிவு, மூளையின் நடுக்கோடு விலகல் ஆகியவற்றை அந்நிரல் இனங்காண்கிறது. 491 படங்களில் மூன்று கதிரியல் வல்லுநர்களின் பெரும்பான்மைக் கருத்தோடு அதன் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. எனினும், கசிவை இனங்காண்பது வேறு. அடைப்பின் தீவிரத்தை அளப்பது வேறு.

எண்ணின் எல்லை

படத்தின் பாதிப்பும் நோயாளியின் பாதிப்பும் ஒன்றல்ல. மூளைத்தண்டில் ஏற்படும் சிறு சேதம் உடலையே முடக்கலாம். இடப்பக்க மொழிப்பகுதியில் ஏற்படும் சிறு சேதம் பேச்சைப் பறிக்கலாம். கன அளவை மட்டும் நோக்கும் நிரல் இவற்றை எளியனவாகக் கருதிவிடக்கூடும். படுக்கையருகே மருத்துவர் செய்யும் சோதனையின் இடத்தைப் படம் நிரப்பாது.

முடிவுரை

மண்டகப்பட்டுப் போன்ற சிற்றூர்களில் பக்கவாதம் தாக்கியவரை மாவட்டத் தலைநகரையொட்டிய பெரிய மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். நள்ளிரவில் படமெடுக்க முடிந்தாலும், உடனே வாசிக்கும் வல்லுநர் எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை. அவ்விடைவெளியில் ஆழ்கற்றல் உண்மையான துணையாகும். ஆனால் யாருடைய படங்களால் கற்றது, எவரை விட்டுவிட்டது, நம் மருத்துவமனைப் படங்களில் சோதிக்கப்பட்டதா என்பதை ஒவ்வொரு நிரலும் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். எவை இன்றி உருவானது எனக் கல்லில் பொறித்த மண்டகப்பட்டின் நேர்மை இக்கருவிகளுக்கும் பொருந்தும்.